சிவப்பு மணிகளும் சிவப்பு மையும்

அன்புள்ள ஐயா,

தொழிற்சாலைகளில் பொருளின் தரத்தைக் காக்கப் பின்பற்றும் தர மேலாண்மையை வகுப்பறைக்குக் கொண்டுவரலாம் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். அந்தச் சொல்லைக் கேட்டாலே எங்களுக்குக் கோப்புகள்தான் ஞாபகம் வரும். பள்ளிகள் தங்கள் தரத்தைத் தாங்களே மதிப்பிடும் ஸ்கூல் எக்ஸலன்ஸ் மாடல் வந்த காலத்தில் ஆதாரம் சேர்த்தே களைத்துப்போனோம் என்று மூத்த ஆசிரியர்கள் சொல்வார்கள். பிள்ளைகள் தொழிற்சாலைப் பொருள்கள் இல்லையே. ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதம். எதை வைத்து அளப்பீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை)

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

கோப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 2000ஆம் ஆண்டில் கல்வி அமைச்சு கொண்டுவந்த அந்த முறை, ஐரோப்பியத் தர மாதிரியையும் சிங்கப்பூர்த் தர விருதையும் ஒட்டி அமைந்தது. பள்ளி தன்னைத் தானே சீர்தூக்கிப் பார்க்கட்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் பார்ப்பதைவிடப் பிறருக்குக் காட்டுவதற்கே நேரம் போய்விட்டால் ஆசிரியருக்கு அலுப்புதான் மிஞ்சும்.

பிள்ளை பொருள் அல்ல என்பதிலும் நமக்குள் வேறுபாடு இல்லை. நான் ஆசிரியராவதற்கு முன் நான்கு ஆண்டுகள் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தவன். உற்பத்தித்திறன் இயக்கத்தின் சின்னமான டீமி தேனீ சுவரெங்கும் சிரித்துக்கொண்டிருந்த எண்பதுகள். ஒரு மின்சுற்றுப் பலகையில் சாலிடர் (பற்றவைப்பு) விட்டுப்போயிருந்தால், "யார் பார்த்த வேலை?" என்று எங்கள் மேற்பார்வையாளர் கேட்கமாட்டார். "எந்த இடத்துல விட்டுப்போகுது?" என்பார். நான் அங்கிருந்து வகுப்பறைக்கு எடுத்துவந்தது அந்த ஒரு கேள்வியைத்தான்.

1950இல் ஜப்பானியர்களுக்குத் தரம் பற்றி வகுப்பெடுத்த அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங், பள்ளியில் மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துவதைக் கடுமையாக எதிர்த்தவர். மேலாண்மைக்கு அவர் வகுத்த 14 கோட்பாடுகளில் மூன்றாவது, கடைசியில் சோதித்துத் தரத்தைக் கொண்டுவரலாம் என்று நம்பியிராதே என்பது. எட்டாவது, பயத்தை விரட்டு. பயிலரங்குகளில் அவர் ஒரு விளையாட்டு நடத்துவார். பெட்டியில் 4,000 மணிகள், அவற்றில் 800 சிவப்பு. 50 குழிகள் உள்ள தட்டால் அள்ள வேண்டும், வெள்ளை மணி மட்டும்தான் வர வேண்டும். சிவப்பு குறைவாக வந்தவருக்குப் பாராட்டு, கூடுதலாக வந்தவருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் பாராட்டு வாங்கியவரே திட்டு வாங்குவார். பெட்டிக்குள் சிவப்பு இருக்கும்வரை அள்ளுகிறவர் என்ன செய்ய முடியும்?

என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தொடக்கநிலை நான்கு, 18 பிள்ளைகள். வெள்ளிக்கிழமைதோறும் சொல்வதெழுதுதல். சிவப்பு மையில் திருத்தி, பிழையான சொல்லை ஐந்து முறை எழுதச் சொல்வேன். மறுவாரம் அதே பிழை வரும். ஒரு நாள் மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, பிழைகளை வகை பிரித்து, ஒரு பிழைக்கு ஒரு கோடாக ஒரு தாளில் போட்டேன். மூன்றில் இரண்டு பங்கு ல, ள, ழ குழப்பம். வாழை வாளையாகியிருந்தது, பழம் பளமாகியிருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடமும் அதுவே.

வகுப்பு மொத்தமும் ஒரே இடத்தில் தடுக்கி விழுந்தால் தரையைத்தானே பார்க்க வேண்டும்? நான் வாசிப்பதைக் கைப்பேசியில் பதிவு செய்து கேட்டேன். வேகமாக வாசிக்கும்போது என் வாயிலிருந்து 'பளம்' என்றுதான் வந்தது. பிள்ளைகள் காதில் விழுந்ததை அப்படியே, சரியாக, எழுதியிருக்கிறார்கள். அதற்குத்தான் வாரா வாரம் ஐந்து முறை எழுதவைத்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் நானும் பழகினேன், அவர்களும் பழகினார்கள். காலையில் பத்து நிமிடம், கையில் ஒரு சின்னக் கண்ணாடி, நாக்கு எங்கே மடிகிறது என்று பார்ப்பதுதான் பாடம். வாரப் பிழைகளுக்குப் பிள்ளைகளே கோடு போட்டார்கள். தாளில் யார் பெயரும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு சிறுமி, "சார், ழ குறைஞ்சிடுச்சு, ஆனா ற கூடியிருக்கு" என்றாள். தன் வகுப்பைப் பற்றி ஒன்பது வயதுப் பிள்ளை அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எதை வைத்து அளப்பது என்று கேட்டீர்கள். பிள்ளையை அளக்க வேண்டாம், நம் பாடத்தை அளந்தால் போதும். 2023க்குள் தொடக்கநிலை, உயர்நிலை இரண்டிலும் அரையாண்டுத் தேர்வுகள் போய்விட்டன. மிச்சமான நேரத்தில் ஒரு சிறு பங்கை இதற்குக் கொடுக்கலாம். கோப்பு எதுவும் திறக்காதீர்கள். அடுத்த கட்டுரை நோட்டுகள் வந்ததும், திருத்துவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கோடு போடுங்கள். எந்தப் பிழை முதலில் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்.