மேற்கத்தியப் பழங்கால இசையில் தேர்ந்த ஒரு கண்டக்டர், அதாவது இசைக்குழுவை முன்னின்று நடத்துபவர், பிற்கால இசையையும் நடத்த முடியுமா?

தாராளமாக முடியும். ஆஸ்திரியக் கண்டக்டர் நிகோலாஸ் ஹார்னோன்கூர் ஒருவரே போதும், சான்று சொல்ல. 1952 முதல் 1969 வரை வியன்னா சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்தவர் அவர். இடையில் 1953-இல் மனைவி ஆலிஸ், நண்பர்கள் சிலரோடு சேர்ந்து பழங்கால இசையை அந்தக் கால வாத்தியங்களிலேயே வாசிக்கும் கான்சென்டஸ் மியூசிகஸ் குழுவைத் தொடங்கினார். பழைய வாத்தியங்களில் நான்கு வருடம் பழகிய பிறகே 1957-இல் மேடை ஏறினார்கள்.

அந்த வாத்தியங்களில் அப்படி என்ன வித்தியாசம்? வயலினில் உலோகக் கம்பிக்குப் பதில் குடல் நரம்பு. சத்தம் குறைவு, லேசான சொரசொரப்பும் இருக்கும். ஆனால் ஒவ்வொரு இசைத்தொடரும் ஒருவர் பேசுவதுபோல் தெளிவாகக் கேட்கும். 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்களை (குரலும் வாத்தியமும் சேர்ந்த இசைப் படைப்புகள்), ஏறக்குறைய 200 இருக்கும், பழங்கால இசைக் கலைஞர் குஸ்டாவ் லியோன்ஹார்டுடன் பங்கிட்டுப் பதிவு செய்தார். 1971-இல் தொடங்கிய வேலை, முடிய கிட்டத்தட்ட இருபது வருடம் ஆனது.

பிறகு பீத்தோவன் சிம்பொனிகள். வாத்தியங்கள் இன்றையவை, ட்ரம்பெட் மட்டும் வால்வு இல்லாத பழைய வகை. அது கூர்மையாகப் பிளந்துகொண்டு எழும் இடங்களில் எனக்கு இன்றும் சிலிர்க்கும். 19-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் ப்ரூக்னர், வெர்டி எல்லாம் நடத்தினார். 2001, 2003 வியன்னா புத்தாண்டுக் கச்சேரிகள், 2009-இல் 20-ஆம் நூற்றாண்டு அமெரிக்கரான கெர்ஷ்வினின் ஆபரா (இசை நாடகம்) கூட. பெரும்பாலும் கையில் கோல் கிடையாது, விரல்களும் கண்களும்தான்.

2015 டிசம்பரில், கைப்பட எழுதிய கடிதம் ஒன்றில் ரசிகர்களிடம் விடைபெற்றார். மறு மார்ச்சில் காலமானார்.