இதயத் துடிப்புக்கு ‘அப்லேஷன்’: கூட வரும் சிநேகிதிக்கு என்ன வேலை?

கேள்வி: எனக்கு 41 வயது. புதுக்குடியிருப்பில் தையல் வேலை செய்கிறேன். ஏழெட்டு வருடமாக இருந்தாற்போல நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கும். பத்து நிமிடத்திலோ ஒரு மணித்தியாலத்திலோ சட்டென்று நிற்கும். கடைசி இரண்டு முறையும் நிற்காமல், மாஞ்சோலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டுத்தான் நிற்பாட்டினார்கள். அந்த ஊசி ஏறும்போது செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். இப்போது கொழும்பில் ‘அப்லேஷன்’ செய்யத் திகதி தந்திருக்கிறார்கள். பைசோபுரோலோல் 2.5 மில்லிகிராம் குளிசை எடுக்கிறேன். கணவர் இல்லை. அண்ணா கனடாவில்; தனியாரில் செய், காசு அனுப்புகிறேன் என்கிறார். கூட வர இரண்டு சிநேகிதிகள் இருக்கிறார்கள். ஆனால் சொந்தக்காரர் கையெழுத்து வைக்காவிட்டால் செய்யமாட்டார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். நெஞ்சைத் திறப்பார்களா? சிநேகிதிகள் என்ன செய்யவேண்டும்? எப்போது திரும்ப மெசின் மிதிக்கலாம்?

மருத்துவர் பதில்:

கையெழுத்துப் பிரச்சினையை முதலில் முடித்துவிடுவோம், சகோதரி. வயது வந்த, சுயநினைவோடு இருக்கிற ஒருவருக்கான சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவேண்டியவர் அவரேதான். புருஷனோ அண்ணனோ தேவையில்லை. அவசரத்துக்கு அழைக்க ஒருவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்பார்கள். அதில் சிநேகிதியின் பெயரைத் தாராளமாக எழுதலாம். ‘உறவு’ என்ற இடத்தில் ‘சிநேகிதி’ என்றே எழுதுங்கள். அக்கா, மச்சாள் என்று பொய் சொல்லி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

நெஞ்சைத் திறக்கமாட்டார்கள். அப்லேஷன் என்றால் படபடப்பை உண்டாக்கும் மின்பாதையை உள்ளேயே சுட்டு அடைப்பது. கால் கவட்டில் குத்தும் சிறு துளை வழியாகத்தான் எல்லாம் நடக்கும். அது ஏன் போதும் என்பதற்கு, உள்ளே என்ன பழுது என்று தெரியவேண்டும்.

இதயத்தின் மேலறைகளில் பிறக்கும் மின் சைகை கீழறைகளுக்கு இறங்க ஒரே ஒரு வாசல்தான் உண்டு. குளத்துத் துருசு மாதிரி என்று வையுங்கள்: மேலே எவ்வளவு தண்ணீர் நின்றாலும் துருசு விடுகிற அளவுதான் வாய்க்காலுக்குப் போகும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த வாசலில் ஒரு வாய்க்காலுக்கு இரண்டு இருக்கும். ஒன்று வேகமானது, மற்றது மெதுவானது. ஏதோ ஒரு நேரத்தில் தப்பித் துடிக்கும் ஒரு துடிப்பு மெதுவான பாதையால் இறங்கி, வேகமான பாதையால் மேலே ஏறி, திரும்ப மெதுவானதால் இறங்கிச் சுற்றத் தொடங்கும். தண்ணீர் மேட்டுக்குத் திரும்பாது, மின்சாரம் திரும்பும். உவமை அந்த இடத்தில் உடைந்துபோகிறது. சுற்று ஓடுகிற வரைக்கும் இதயம் நிமிடத்துக்கு 150 முதல் 220 தடவை அடிக்கும். சட்டென்று தொடங்கி சட்டென்று நிற்பதும், கழுத்தில் துடிப்பு எகிறுவதும், வந்து போனபின் அடிக்கடி சலம் போவதும் இதன் அடையாளங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட வரும். ஈசிஜி பார்க்காமல் நான் உறுதி சொல்லமுடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதும் அந்த ஊசிக்கு நின்றதும் இதைத்தான் காட்டுகின்றன.

அந்த ஊசி அடினோசின். முதலில் 6 மில்லிகிராம், கேட்காவிட்டால் 12, வேகமாக ஏற்றுவார்கள். வாசலைச் சில விநாடிகள் முழுதாக மூடிவிடும். அந்தச் சில விநாடி இதயம் நின்றதுபோலவே இருக்கும். ‘செத்துவிட்டேன்’ என்ற நினைப்பை உண்டாக்குவதே அந்த மருந்துதான். திடகாத்திரமான ஆண்களும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள். பத்து விநாடிக்குள் அதில் பாதி இரத்தத்தில் இல்லாமல் போய்விடும்.

இனி சிநேகிதிகள். வீட்டில் மூன்று பேருமாகப் போவோம் என்று கதைத்திருப்பீர்கள். என் அபிப்பிராயம், ஒருவர் கொழும்புக்கு, மற்றவர் வீட்டுக்கு. வாட்டில் இரவு தங்க அனுமதி கிடைத்தால்கூட அது ஒருவருக்குத்தான், அதுவும் பெண்ணுக்கு. மற்றவர் வெளியே வாங்கில் தூங்கி வழிவதில் உங்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. கொழும்புக்கு வருகிறவர் கொஞ்சமாவது சிங்களம் தெரிந்தவராக இருந்தால் நல்லது. ‘சாப்பிடாதே’, ‘காலை மடக்காதே’ என்ற இரண்டும் பிழையாக விளங்கினால் உங்கள் திகதியே தள்ளிப்போகலாம்.

ஆனால் சிநேகிதி மிகவும் தேவைப்படுவது கொழும்பில் அல்ல, அதற்கு முந்திய இரவுகளில். காரணம் உங்கள் குளிசை. அப்லேஷன் மேசையில் அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவைத்துப் பார்த்தால்தான் எந்தப் பாதை பழுது என்று கண்டுபிடிக்கலாம். துடிப்பைத் தணிக்கும் பைசோபுரோலோல் உடம்பில் இருந்தால் அது வராமல் போகலாம். இந்த மருந்தின் அளவு பாதியாகக் குறையப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கும். ஐந்து தடவை பாதியானால்தான் போய்விட்டது என்று கணக்கு. ஆக இரண்டரை நாள், வழமையாக மூன்று நாளுக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு எத்தனை நாள் என்பதைக் கிளினிக் கொப்பியில் எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். இந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு நீங்களாக நிறுத்தவேண்டாம். குளிசை இல்லாத அந்த நாட்களில், பஸ் பயணம் உட்பட, படபடப்பு திரும்பி வர இடமுண்டு. அந்த இரவுகளில் ஒருத்தி உங்கள் வீட்டிலேயே படுக்கட்டும். அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டிய வித்தை ஒன்று இருக்கிறது.

பார்மசியில் 10 மில்லிலீற்றர் சிறிஞ் ஒன்று வாங்குங்கள். ஊசியைக் கழற்றி எறிந்துவிட்டு, புதுசு இறுகி இருக்கும் என்பதால் உள்தண்டை ஒருமுறை இழுத்துத் தள்ளித் தளர்த்தி வையுங்கள். படபடப்பு வந்தவுடன் சுவரில் மூன்று தலையணை அண்டக்கொடுத்து பாதி சாய்ந்து இருங்கள். சிறிஞ்சின் நுனியை வாயில் வைத்து, உள்தண்டு மெல்ல அசைகிற அளவுக்கு 15 விநாடி ஊதவேண்டும். கன்னம் உப்பினால் போதாது, வயிறு இறுகவேண்டும். சிநேகிதி சத்தமாக எண்ணட்டும். பதினைந்து என்றதும் நீங்கள் ஊதுவதை விட்டு மட்டமாகப் படுக்க, அவள் தலையணைகளை இழுத்துவிட்டு இரண்டு குதிக்கால்களையும் பிடித்து, முழங்கால் மடங்காமல், கால்களை அரைவாசி உயரத்துக்கு, அதாவது 45 பாகைக்குத் தூக்கி இன்னொரு 15 விநாடி வைத்திருக்கவேண்டும். நீங்களே தூக்க முயன்றால் உடம்பு முக்கும், வித்தை கெட்டுவிடும். பிறகு பழையபடி சாய்ந்திருந்து ஒரு நிமிடம் பொறுத்து நாடியைப் பாருங்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. முக்கும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். விட்டுவிட்டுக் காலைத் தூக்கினால் அது ஒரேயடியாக வந்து நிரப்பும். அமுக்கம் ஏறியதை உணர்ந்த மூளை வேகஸ் நரம்பு வழியாக வாசலை மந்தப்படுத்தும், சுற்று அறும். 2015இல் இங்கிலாந்தில் வெளியான ரிவேர்ட் ஆய்வில், கால் தூக்காமல் வெறுமனே ஊதியவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு நின்றது. தூக்கியவர்களில் 43 பேருக்கு. சிநேகிதியின் இரண்டு கைக்கு அவ்வளவு பெறுமதி. படபடப்பு இல்லாத ஒருநாள் பின்னேரம் இருவருமாக ஒத்திகை பார்த்துவிடுங்கள். சிரிப்பு வரும், பரவாயில்லை. பஸ்ஸில் என்றால் நிற்பாட்டச் சொல்லி, பின்னால் உள்ள நீட்டு சீட்டில் செய்யலாம். கழுத்தை அமத்துவது, கண்ணை அழுத்துவது இரண்டையும் யாரும் செய்யக்கூடாது. இரண்டு மூன்று முறை செய்தும் கால் மணித்தியாலத்துக்குள் நிற்காவிட்டால் அருகில் உள்ள வைத்தியசாலை. நெஞ்சு நோ, மூச்சுத்திணறல், மயக்கம் இருந்தால் ஊதிக்கொண்டு இராமல் உடனே 1990 அம்புலன்ஸ். அதற்குக் காசு இல்லை.

கொண்டுபோகும் கடதாசிகளில் பொன்னானது, படபடப்பு நேரத்தில் எடுத்த ஈசிஜி. அது வெப்பத்தில் எழுத்து விழும் கடதாசி. நம்முடைய வெயிலில், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்து வைத்தால் சில மாதத்தில் வெறும் இளஞ்சிவப்புத் துண்டாகிவிடும். இன்றைக்கே போனில் தெளிவாகப் படம் எடுங்கள், சிநேகிதிக்கும் அனுப்பி வையுங்கள், ஒரு போட்டோக் கொப்பியும் எடுங்கள். எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை, இரத்தப் பரிசோதனைகள், எடுக்கும் எல்லாக் குளிசைகளின் அட்டை, ஏதாவது மருந்து ஒத்துவராது என்றால் அதன் பெயர், இவ்வளவும் ஒரே பைக்குள். மாதவிலக்குத் தள்ளிப்போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். எக்ஸ்ரே கதிர் பயன்படுத்துவார்கள். ஒரு நாள் முன்பு வாட்டுக்கு ஒரு கோல் எடுத்துத் திகதியை உறுதிசெய்யாமல் பஸ் ஏறவேண்டாம். அவசர நோயாளி வந்தால் உங்கள் முறை பின்னுக்குப் போகும். அது உங்களை ஒதுக்குவது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

செய்யும் நாளன்று ஆறு மணித்தியாலம் சாப்பாடு இல்லை, கடைசி இரண்டு மணித்தியாலம் தண்ணீரும் இல்லை. வாட்டில் வேறு நேரம் சொன்னால் அதுதான் சரி. பால் தேத்தண்ணி சாப்பாட்டுக் கணக்கு. தோடு, மூக்குத்தி, சங்கிலி சிநேகிதியின் பையில். இரண்டு கவட்டிலும் மயிர் வழித்துவிடுவார்கள். அறை குளிராக இருக்கும், நெஞ்சிலும் முதுகிலும் ஒட்டுத்தாள்கள் ஒட்டுவார்கள். அநேகமாக முழுதாக மயக்கமாட்டார்கள், கொஞ்சம் தூக்கக் கலக்கம் மட்டும்; ஆழமாக மயக்கினால் படபடப்பு வராமல் போகலாம்.

கவட்டில் விறைக்கும் ஊசி முதலில் எரியும். கூட நோகிற இடம் அநேகமாக அதுதான். பிறகு பெருநாளத்துக்குள் இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பான குழாய்களை விட்டு, அவற்றின் வழியாக மூன்று நாலு கதீற்றர் கம்பிகளை இதயத்துக்குள் கொண்டுபோவார்கள். அவை போவது தெரியாது. பிறகு கம்பியால் தட்டித் தட்டிப் படபடப்பை எழுப்புவார்கள். இதுவரை நீங்கள் பயந்து பயந்து ஓடியது வந்து நிற்கும். ஆனால் அங்கே அதை ஒரு தட்டில் நிறுத்திவிடலாம். “வந்திட்டுது” என்று சொல்லுங்கள், அதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். மெதுவான பாதை இருக்கும் இடத்தில் நாலு மில்லிமீற்றர் நுனியை வைத்து, ரேடியோ அலையால் 50, 60 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி, ஒரு தடவைக்கு அரை நிமிடம் ஒரு நிமிடம் சுடுவார்கள். நெஞ்சிலோ தாடையிலோ சூடு தெரிந்தால் வாயால் சொல்லுங்கள், உடம்பை அசைக்கவேண்டாம். சுட்டபின் அரை மணித்தியாலமளவில் திரும்பத் தட்டிப் பார்ப்பார்கள். இரண்டு மணித்தியாலத்தில் முடியலாம், நாலும் ஆகலாம். வெளியே நிற்கும் சிநேகிதிக்கு இதைச் சொல்லி வையுங்கள். நேரம் போனால் ஏதோ நடந்துவிட்டது என்று அவள் கனடாவுக்கு கோல் எடுத்து அழத் தேவையில்லை.

இந்த வகைக்கு நூற்றுக்கு 95 பேருக்கு மேல் சரிவரும். ஒரு சிலருக்குச் சில மாதத்தில் திரும்பி வந்து இன்னொரு முறை செய்யவேண்டியிருக்கும். கேட்டு வைத்திருக்கவேண்டிய ஆபத்து ஒன்று: சுடும் இடத்துக்குச் சில மில்லிமீற்றர் தள்ளித்தான் நல்ல பாதை. அதுவும் சுடுபட்டால், இதயத்தைத் துடிக்கவைக்கும் பேஸ்மேக்கர் என்ற கருவியை நிரந்தரமாக வைக்கவேண்டி வரும். இது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. கையெழுத்து வைக்குமுன் இதை அவர்கள் வாயாலும் கேளுங்கள். சிநேகிதி பக்கத்தில் நின்று கேட்கட்டும், பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

முடிந்தபின் நாலு முதல் ஆறு மணித்தியாலம் மட்டமாகப் படுக்கவேண்டும். துளை போட்ட காலை மடக்கக்கூடாது, தலையைத் தூக்கக்கூடாது; தூக்கினால் வயிறு இறுகி நாளத்தில் அமுக்கம் ஏறும். சிநேகிதி வளைகிற ஸ்ட்ரோ ஒன்று கொண்டுவரட்டும், படுத்தபடி குடிக்கலாம். இருமல், தும்மல் வந்தால் உள்ளங்கையால் கவட்டில் போட்ட கட்டை அமத்திப் பிடியுங்கள். கட்டுப் போட்ட இடத்தில் ஈரச்சூடு தெரிந்தால் இரத்தம். தாதியைக் கூப்பிடுவது அவளுடைய வேலை. வீட்டுக்கு வந்தபின் கசிந்தால், மட்டமாகப் படுத்து, எட்டிப் பார்க்காமல் பத்து நிமிடம் பலமாக அமத்தவேண்டும். ஒவ்வொரு நிமிடமும் தூக்கிப் பார்ப்பதால்தான் உறைந்தது உடைகிறது. நிற்காவிட்டால் 1990. தொடையில் நீலம் பாய்ந்து பிறகு மஞ்சளாவது சாதாரணம். கட்டியாக வளர்வது, ஒரு கால் மட்டும் வீங்குவது, காய்ச்சல், நெஞ்சு நோ, மூச்சுத்திணறல், மயக்கம், நாடி மிக மெதுவாதல் சாதாரணம் இல்லை. சில கிழமைக்கு இடைக்கிடை ஒரு துடிப்புத் தப்புவதுபோல இருக்கும். அது பழைய சுற்று இல்லை, புண் ஆறுகிறது.

ஆஸ்பத்திரியால் விட்ட அன்றே எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாத இரவு பஸ்ஸில் ஏறவேண்டாம். நேரம் முழுக்க மடங்கி இருந்த காலில் இரத்தம் உறையலாம், கவடும் நசியும். ஒரு இரவு கொழும்பில் தங்கி, மறுநாள் வாகனத்தில் காலை நீட்டியபடி, ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடந்து வாருங்கள். அண்ணாவுக்கு என் பதிலும் இதிலேயே இருக்கிறது: அரச வைத்தியசாலையில் திகதி கிடைத்திருக்கும்போது அதே சிகிச்சைக்குத் தனியாரில் செலவழிப்பதைவிட, அந்த வாகனத்துக்கும் தங்குமிடத்துக்கும் அவர் அனுப்பினால் உங்கள் காலுக்கு நன்மை.

வீட்டில் நிற்கும் மற்றச் சிநேகிதியின் முறை இப்போது வருகிறது. ஒரு கிழமைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. நிறைந்த குடம் பத்துக் கிலோவைத் தாண்டும். கிணற்றில் அள்ளுவதும் சுமப்பதும் அவள் பொறுப்பு. குந்தி இருக்கும் மலசலகூடம் இரண்டு மூன்று நாளுக்கு ஆகாது. நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரை ஒன்றை நீங்கள் வருமுன் ஒழுங்குபண்ணி வைக்கட்டும். மறுநாளிலிருந்து மேலுக்கு வார்க்கலாம். குளத்திலோ வாய்க்காலிலோ இறங்கவும், சேற்று வயலில் நிற்கவும் காயம் மூடுமட்டும், ஒரு கிழமை, வேண்டாம்.

மெசின்? மிதிக்கிற மெசின் என்றால் ஒரு கிழமை பொறுங்கள். இடுப்பு மடங்கியபடி பாதம் ஏறி இறங்க, தொடைத் தசை துளை இருந்த இடத்தையே இழுத்துக்கொண்டிருக்கும். கையால் தைப்பது, பொத்தான் கட்டுவது, துணி வெட்டுவது மூன்றாம் நாளிலிருந்து செய்யலாம், உயரமான மேசையில் நின்றபடி. மோட்டார் பூட்டிய மெசின் என்றால் நாலைந்து நாளில் மற்றக் காலால் அமத்தித் தொடங்கலாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழும்பி நடவுங்கள்.