வீட்டோடு தங்கி முதியோரைக் கவனிப்பவர்கள் கேட்கிறார்கள்

வாசகர் கேள்வி – பதில்

ஏஜென்சி எதிலும் சேராமல், தாமாகவே பேசிச் சம்பளத்தை முடிவு செய்துகொண்டு, கேரளத்து வீடுகளில் தங்கி முதியவர்களைக் கவனிக்கும் வாசகர்கள் புளியரை, செங்கோட்டை, கம்பம், களியக்காவிளை, கொழிஞ்சாம்பாறை ஆகிய ஊர்களிலிருந்து அனுப்பிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். முதியவரின் நலத்தைப் பற்றி எழுதப்பட்டவை நிறையக் கிடைக்கின்றன. இங்கே அவரைக் கவனிப்பவரின் உடல்நலமும் பாதுகாப்பும் மட்டுமே பேசப்படுகின்றன.

பத்தனம்திட்டா பக்கத்தில் ஒரு வீட்டில், பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பச்சனைத் தனியாகக் கவனிக்கிறேன். 80 கிலோ இருப்பார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். திருப்பிப் படுக்க வைப்பதும் நாற்காலியில் உட்கார வைப்பதும் நான்தான். சில மாதங்களாக இடுப்பு வலி விடவில்லை. இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டால் போதுமா?
– வாசகி, புளியரை

போதாது. பெல்ட் இடுப்புக் காயத்தைத் தடுப்பதாகச் சான்று இல்லை. அதைக் கட்டியிருக்கிறோம் என்ற துணிச்சலில் கூடுதலாகத் தூக்கிவிடும் ஆபத்துதான் உண்டு. 80 கிலோ எடையுள்ள ஒருவரைத் தனி ஆளாகத் தூக்குவதற்குப் பாதுகாப்பான முறை எதுவும் கிடையாது என்பதால், தூக்காமல் வேலையை முடிக்கும் வழிகளை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கட்டிலைக் கவனியுங்கள். தாழ்வான கட்டிலில் குனிந்தபடியே உடம்பு துடைப்பதும் டயபர் மாற்றுவதும் திருப்புவதும் நாள்தோறும் சேர்ந்து சேர்ந்துதான் இடுப்பைக் கெடுக்கின்றன. மெத்தை உங்கள் இடுப்பின் உயரத்துக்கு வர வேண்டும். தலைப்பகுதியை உயர்த்தக்கூடிய மருத்துவமனைக் கட்டில் பக்கத் தடுப்புடன் வாடகைக்குக் கிடைக்கும். கேரள அரசு 2008இல் பாலியேட்டிவ் சிகிச்சைக்கென, அதாவது தீராத நோயுள்ளவர்களின் வலியையும் துன்பத்தையும் தணிக்கும் பராமரிப்புக்கென, தனிக் கொள்கை வெளியிட்ட பிறகு, பஞ்சாயத்தின் கீழ் பாலியேட்டிவ் நர்ஸ் வீடு தேடி வருவது அங்கே வழக்கமாகிவிட்டது. கட்டில், காற்று மெத்தை, சக்கர நாற்காலி ஆகியவற்றை இரவலாகத் தரும் பாலியேட்டிவ் அமைப்புகளும் பல ஊர்களில் உள்ளன. அந்த வீட்டுக்குரிய குடும்பாரோக்கிய கேந்திரத்திலோ (அங்குள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம்) ஆஷா பணியாளரிடமோ (வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர்) கேட்டால் வழி சொல்வார்கள். நர்ஸ் வரும் நாளில், திருப்பும் முறையை உங்களுக்கு நேரிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். எழுத்தில் படிப்பதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

படுக்கைப் புண் வராமலிருக்க ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்ப வேண்டும், காற்று மெத்தை போட்டிருந்தாலும். திருப்பும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்களோ அந்தப் பக்கமாகவே அவர் புரளும்படி செய்யுங்கள். தூரத்துக் கையை அவருடைய மார்பின் மேலும் தூரத்துக் காலை மற்றக் காலின் மேலும் வைத்துவிட்டு, ஒரு கையைத் தோளிலும் மறு கையை இடுப்பிலும் கொடுத்து, உங்கள் கால்களை அகற்றி முழங்காலை மடக்கி, உங்கள் உடம்பின் எடையைப் பின்னுக்குச் சாய்த்து இழுத்தால், முதுகு வளையாமல் அவர் புரண்டுவிடுவார். இடுப்பை முறுக்காதீர்கள், திரும்ப வேண்டுமானால் பாதங்களை நகர்த்தித் திரும்புங்கள். கீழே வழுக்கி வந்துவிட்டவரைத் தலையணைப் பக்கம் ஏற்றுவது மட்டும் தனி ஆளால் செய்யக்கூடாத வேலை. தடிமனான விரிப்பை நான்காக மடித்து, தோள் முதல் தொடை வரை அடியில் போட்டு வைத்து, இரு பக்கமும் இருவர் நின்று அந்த விரிப்போடு சேர்த்து நகர்த்த வேண்டும்.

நாற்காலிக்கு மாற்றும்போது, பக்கவாதம் தாக்காத பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, சக்கரப் பூட்டை அழுத்திய பிறகே அவரை எழுப்புங்கள். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடாதீர்கள். செயலிழந்த கையைப் பிடித்தும் இழுக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடும். அவர் சரிந்து விழத் தொடங்கினால் தாங்கிப் பிடிக்க முயலாமல், அவரை உங்கள் உடம்போடு ஒட்டி மெல்லத் தரையில் அமரவிட்டு, தலை அடிபடாமல் மட்டும் காத்துக்கொண்டு ஆள் கூப்பிடுங்கள். இதைச் செய்ய மனம் ஒப்பாது என்பது தெரியும். ஆனால் இருவரும் சேர்ந்து விழுந்தால், 108ஐ அழைக்கக்கூட அந்த வீட்டில் ஆள் இருக்காது.

காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் உதவிக்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்று பிள்ளைகளிடம் தொலைபேசியில் சொல்லுங்கள். மருத்துவமனைச் செலவைவிட அந்த ஆளின் கூலி குறைவுதான். வலி காலுக்கு இறங்கி மரத்துப்போனாலோ, காலில் வலு குறைந்தாலோ, தொடைகளுக்கு இடையில் உணர்ச்சி மங்கினாலோ, சிறுநீர் அடங்காமல் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த அறிகுறிகளுக்கு எண்ணெய்த் தேய்ப்பு மருந்தாகாது.

அம்மச்சிக்கு இன்சுலின் போட்ட ஊசியை மூடி போட்டு வைக்கும்போது விரலில் குத்திவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். பிதுக்கக்கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக்கூடாது. உடனே அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் கருதினால், 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது மிக நல்லது. 72 மணி நேரத்தைக் கடந்தால் பயன் இல்லை. தொடங்கிவிட்டால் 28 நாட்கள் சாப்பிட வேண்டும். நீங்கள் எழுதியது எத்தனை நாள் கழித்து என்பது கடிதத்தில் இல்லை. நேரம் தாண்டியிருந்தாலும் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

அச்சத்தின் அளவைச் சரியாக வைத்துக்கொள்ளச் சில எண்கள் உதவும். எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம். ஊசி ஹெபடைட்டிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) உள்ளவருடையதாகவும் குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராகவும் இருந்தால் வாய்ப்பு 30 சதவீதம் வரை உயரலாம். இந்த இரண்டாவது ஆபத்தைத் தடுப்பூசி ஏறக்குறைய முழுமையாக நீக்கிவிடுகிறது: முதல் ஊசி, 1 மாதம் கழித்து இரண்டாவது, 6ஆம் மாதம் மூன்றாவது. ஊசி, இரத்தம், புண் ஆகியவற்றைத் தொடும் வேலைக்குச் செல்லும் எவரும் பேருந்து ஏறுவதற்கு முன்பே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி ஊசிக்கு மறுபடி மூடி போட வேண்டாம். மூடித் திருகும் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலைக் கட்டிலுக்கு அருகில் வைத்துக்கொண்டு, போட்ட கையோடு ஊசியை அதற்குள் போடுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் இறுக மூடி, அதை எங்கே ஒப்படைப்பது என்று பாலியேட்டிவ் நர்ஸிடம் கேளுங்கள். வீட்டுக் குப்பையோடு போட்டால் அடுத்துக் குத்துப்படுபவர் வீடு வீடாகக் கழிவு சேகரிக்க வரும் ஹரித கர்ம சேனைப் பெண்ணாக இருப்பார்.

மூக்கு வழி உணவுக் குழாய் கழன்றுவிட்டால் என்னையே போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, செங்கோட்டை

கூடாது. குழாய் நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிர் போகும், பழி உங்கள் மேல் விழும். குழாய் வழியே உணவு கொடுக்கக் கற்றுக்கொள்ளலாம். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்திக் கொடுத்து, முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அதே நிலையில் வைத்திருங்கள்.

ஆண் என்பதால் மறதி நோயுள்ள தாத்தாவைப் பார்க்க என்னை வைத்திருக்கிறார்கள். அவர் இரவு முழுவதும் எழுந்து கதவைத் தட்டுகிறார். நான் தூங்கிப் பல வாரங்கள் ஆகின்றன. தூக்க மாத்திரை கொடுக்கலாமா?
– வாசகர், கம்பம்

மருத்துவர் எழுதித் தராத மாத்திரையைக் கொடுக்காதீர்கள். முதியவர்கள் அதனால் தடுமாறி விழுகிறார்கள், மறதியும் குழப்பமும் கூடுகின்றன. கட்டிலோடு கட்டி வைப்பதும் கூடாது. இந்தக் குழப்பம் சில நாட்களுக்குள் திடீரென்று வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். அப்படியானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி, புதிதாகச் சேர்த்த மருந்து ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டினால் பெரும்பாலும் சரியாகும். பல மாதங்களாக மெல்ல வளர்ந்ததென்றால், பகல் தூக்கத்தைக் குறைத்து, மாலையில் வீட்டில் விளக்குகளை நன்றாக எரியவிட்டு, கதவில் மணி கட்டி, கழிப்பறை வழியில் இரவு விளக்கு வையுங்கள்.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரவில் இரண்டு மூன்று முறைக்கு மேல் எழ வேண்டியிருந்தால், அது நீங்கள் தூங்கும் இரவாகாது, வேலை செய்யும் இரவாகும். அதற்குத் தனிச் சம்பளமோ, மறுநாள் பகலில் தொடர்ந்து உறங்க நேரமோ கேட்பது நியாயம். வாரத்தில் இரண்டு இரவுகளாவது வீட்டார் ஒருவர் விழித்திருக்கட்டும். தூக்கம் கெட்டவர் மருந்து அளவைத் தவறாக எடுப்பதும், பொறுமை இழந்து கை ஓங்குவதும் நடக்கக்கூடியவை. மனம் அந்த எல்லைக்கு வந்துவிட்டதாகத் தோன்றினால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கழிப்பறை நாற்றம் போக ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றியபோது மூச்சு முட்டியது. ஏன்?
– வாசகி, களியக்காவிளை

இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய அறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும். ஒரு நாளில் ஒன்றை மட்டும், சன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். மறுபடியும் முட்டினால் வெளியே காற்றுக்கு வந்துவிடுங்கள். இருமல் நிற்காவிட்டால் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பாட்டிக்கும் எனக்கும் விரலிடுக்கில் அரிப்பு, இரவில் அதிகம். களிம்பு தடவியும் போகவில்லை.
– வாசகி, செங்கோட்டை

சிரங்காக, அதாவது ஸ்கேபிஸாக இருக்கலாம். பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது. ஒருவர் மட்டும் தடவிக்கொள்வதால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. மருத்துவர் எழுதித் தரும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பை, வீட்டில் உள்ள அனைவரும் ஒரே இரவில் கழுத்து முதல் பாதம் வரை தடவி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி தடவ வேண்டும். துணிகளையும் விரிப்புகளையும் அன்றைக்கே வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி 3 நாட்களுக்குக் குறையாமல் வையுங்கள். பூச்சி செத்த பிறகும் சில வாரங்கள் அரிப்பு நீடிக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போவதாக இருந்தால், முதல் முறை தடவி முடித்த பிறகு போவது உங்கள் பிள்ளைகளுக்கு நல்லது.

பாட்டியின் மருமகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தொட்டுப் பேசுகிறார். சம்பளம் போய்விடுமே என்று பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.
– பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகி

பொறுக்கத் தேவையில்லை. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் வேலைக்கு இருக்கும் பெண்களையும் உட்படுத்துகிறது. அந்த வீடு இருக்கும் மாவட்டத்தில் இத்தகைய புகார்களுக்கென உள்ள உள்ளூர்க் குழுவிடம் 3 மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தரலாம். உரிய காரணம் இருந்தால் குழு அவகாசத்தை நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெண்களுக்கான உதவி எண் 181. உடனடி ஆபத்து என்றால் 112. நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், செய்திகளை அழிக்காதீர்கள், உங்கள் அறைக்கு உள்தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள், வீட்டின் முகவரியை ஊரில் ஒருவரிடமாவது கொடுத்து வையுங்கள். மறதி நோயுள்ள முதியவரின் கை தவறிப் போவதை இதோடு சேர்க்க வேண்டாம். அது நோயின் கூறு. பக்கவாட்டில் நின்று வேலை செய்தும், வீட்டார் இருக்கும் நேரத்தில் குளிப்பாட்டியும் சமாளிக்க முடியும்.

எனக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) இல்லை. அந்த வீட்டில் வழுக்கி விழுந்து கை முறிந்தால் யார் செலவு செய்வார்கள்?
– வாசகி, களியக்காவிளை

முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் நீங்கள்தான். ஆகவே வேலைக்குச் சேரும் நாளில், மலையாளத்திலும் தமிழிலும் ஒரே பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள்: முதியவருக்கு என்ன நோய், அது தொற்றுமா, இரவு வேலை உண்டா, வார விடுப்பு எந்த நாள், வேலையில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது. இப்படி எழுதக் கேட்டதற்காகவே ஒரு வீட்டார் உங்களை வேண்டாமென்றால், அந்த வீட்டுக்குப் போகாமல் இருப்பது நல்லது.

அரசுத் திட்டங்களில், பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீட்டில் ஆண்டுக்கு 20 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். வயது 18 முதல் 70 வரை. விபத்தில் இறந்தாலோ முழு ஊனமுற்றாலோ 2 லட்சம், ஒரு கையோ காலோ கண்ணோ இழந்தால் 1 லட்சம் கிடைக்கும். எலும்பு முறிவுச் சிகிச்சைக்கோ இடுப்பு வலிக்கோ இதில் எதுவும் கிடைக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 16 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். ஆதாரும் அதோடு இணைந்த கைபேசி எண்ணும் போதும், சந்தேகங்களுக்கு 14434 என்ற எண் உள்ளது. மேலே சொன்ன சுரக்ஷா பீமா திட்டத்தின் காப்பீட்டு ஆண்டு ஜூன் 1இல் தொடங்குவதால் மே மாத இறுதியில் 20 ரூபாய் பிடிக்கப்படும் வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்; வங்கிக்குப் போகும்போது வாரிசுதாரர் பெயர் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.