விரலில் தட்டிப் பேசலாம்

கேள்வி: என் தம்பிக்கு எட்டு வயதில் பார்வை போய்விட்டது. பிரெயில் (விரலால் தடவிப் படிக்கும் புள்ளி எழுத்து) சரளமாகப் படிப்பான். இப்போது காதும் கேட்காமல் போய்விட்டது, இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உள்ளங்கையில் எழுதிக் காட்டுகிறோம், ஒரு வாக்கியம் முடிவதற்குள் இருவருக்கும் அலுத்துவிடுகிறது. வேறு வழி இருக்கிறதா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இருக்கிறது, அதில் பாதி உங்கள் தம்பிக்கு ஏற்கெனவே தெரியும். ஜப்பானில் சதோஷி ஃபுகுஷிமா என்பவருக்கு 9 வயதில் பார்வையும் 18 வயதில் கேட்கும் திறனும் போய்விட்டன. 1981-இல் ஒரு நாள் சமையலறையில் அம்மாவிடம் அவர் ஏதோ குறைபட்டுக்கொள்ள, பதில் சொல்ல பிரெயில் தட்டச்சுப்பொறி பக்கத்தில் இல்லை. அம்மா சட்டென்று மகனின் விரல்களையே விசைகளாக நினைத்து அவற்றின் மேல் தட்டினார்: "சதோஷி, புரியுதா?" புரிந்தது. அப்படிப் பிறந்ததுதான் விரல் பிரெயில். அதன் துணையோடு கல்லூரியில் படித்தவர், பிறகு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரும் ஆனார்.

முறை எளிது. பிரெயிலில் ஒவ்வொரு எழுத்தும் 6 புள்ளிகளில் சிலவற்றால் ஆனது, அந்த 6 புள்ளிகளுக்கு 6 விரல்கள். இடது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் 1, 2, 3. வலது கையில் அதே வரிசையில் 4, 5, 6. 'அ' என்றால் இடது ஆள்காட்டி விரலில் ஒரு தட்டு. 'க' என்றால் இடது ஆள்காட்டியும் மோதிர விரலும் ஒரே நேரத்தில். நீங்கள் பிரெயில் கற்க வேண்டும்தான், தம்பியே சொல்லித்தரட்டும். (பிறவியிலேயே காது கேளாமல் சைகை மொழியில் வளர்ந்தவர் என்றால், பேசுபவரின் கைமேல் கைவைத்துச் சைகையைத் தொட்டுணர்வதுதான் அவருக்குச் சரிவரும்.)

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. வீட்டில் நாலு பேர் பேசும்போது வார்த்தையை மட்டும் தட்டினால் போதாது. பேசுவது யார், எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள், மாமா எழுந்து வெளியே போய்விட்டார், காபி வலது பக்கம் இருக்கிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். "அப்புறம் சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த ஒரு சொல்லில்தான் அவர் தன் வீட்டிலேயே தனியாளாகிறார். விரல் வலித்தால் அம்மாவோ வேறு யாரோ மாறிக்கொள்ளலாம்.

அப்புறம், அவர் வாயால் பதில் சொல்லும்போது நீங்கள் 'ம்' கொட்டுவது அவருக்குக் கேட்காது, தலையாட்டுவதும் தெரியாது. அதனால் அவர் பேசி முடிக்கும் வரை, முழங்கையில் லேசாகத் தட்டிக்கொண்டே இருங்கள்.