32 புகார்கள், ஒரே விசாரணை அதிகாரி: எதை முதலில் எடுப்பது?

கேள்வி: பணியிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். கையில் 32 கோப்புகள் நிலுவையில் உள்ளன. மாதத்துக்கு நான்கு புதிதாக வருகின்றன, நான்கை முடிக்கிறேன். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறேன், ஆனாலும் குவியல் குறைந்தபாடில்லை. வந்த வரிசைப்படி எடுப்பதுதான் நியாயம் என்கிறார் மனிதவளத் துறை நண்பர். மேலிடமோ இந்த மாதம் எத்தனை முடிந்தது என்று மட்டும் கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்கள் எண்களையே முதலில் பார்ப்போம். 32ஐ நான்கால் வகுத்தால் எட்டு. இன்று உங்களிடம் வரும் ஒரு புகார் முடிய, சராசரியாக எட்டு மாதம் ஆகும். வரிசைகளின் கணிதத்தில் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி இது. வரத்தும் முடிப்பும் சமமாக இருக்கும்வரை, நீங்கள் எவ்வளவு ஓடினாலும் அந்த எட்டு மாதம் மாறாது. அந்த எட்டு மாதமும் புகார் கொடுத்தவர் பெரும்பாலும் அதே மேலாளரின் கீழ்தான் வேலை பார்க்கிறார். அதற்குள் அப்ரைசல் வந்துபோகும், பதவி உயர்வுப் பட்டியல் வெளியாகும், முக்கியமான சாட்சி வேறு வேலைக்குப் போயிருப்பார்.

எனவே அடுத்த ஒரு வாரம் எந்தக் கோப்பையும் விசாரிக்காதீர்கள். 32 கோப்புகளுக்கும் ஒரே ஒரு வேலையைச் செய்யுங்கள்: அழியக்கூடிய ஆதாரங்களைப் பத்திரப்படுத்துங்கள். சிசிடிவி பதிவுகள் பல இடங்களில் சில வாரங்களிலேயே மேலெழுதப்பட்டுவிடும். வேலையை விட்டவரின் மின்னஞ்சல் கணக்கு மூடப்படும். ஷிப்ட் அட்டவணை, நேர்காணல் மதிப்பெண் தாள், யாருக்கு எவ்வளவு ஊதிய உயர்வு என்று மேலாளர் போட்டுவைத்த எக்செல் கோப்பின் பழைய பிரதி ஆகியவற்றைத் தேடி யாரும் அழிப்பதில்லை. தாமாகவே காணாமல் போகும். ஒவ்வொரு கோப்புக்கும் எது, யாரிடம், எந்தத் தேதிவரை இருக்கும் என்று மூன்று வரி எழுதி, அவற்றை அழிக்கக் கூடாது என்று தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கும் துறைத் தலைவருக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். விசாரணை தாமதமானாலும் பிறகு சரிசெய்ய வழி உண்டு. ஆதாரம் போனால் போனதுதான்.

அடுத்தது தரம் பிரிப்பது. அமெரிக்காவின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 1965இல் தொடங்கியபோது, முதல் ஆண்டில் சுமார் 2,000 புகார்கள் வரும் என்று எதிர்பார்த்தது, வந்தவை 8,852. முப்பது ஆண்டுகள் கழித்து நிலுவை ஒரு லட்சத்தைத் தாண்டியபோதுதான், 1995இல், புகார்களை மூன்று வகையாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. பாகுபாடு நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றுபவை முதல் வகை. இன்னும் தகவல் திரட்டினால்தான் தெரியும் என்பவை இரண்டாவது. சட்ட வரம்புக்குள் வராதவையும் மேற்கொண்டு விசாரிக்க அடிப்படை இல்லாதவையும் மூன்றாவது. உங்களுக்கும் இந்தச் சட்டகம் பொருந்தும். நான் இன்னொரு அளவுகோலையும் சேர்ப்பேன்: பாதிப்பு இப்போதும் தொடர்கிறதா? வேலைநீக்க நோட்டீஸ் கையில் இருப்பவர், கர்ப்பிணி, தினமும் அவமதிப்புக்கு ஆளாகிறவர் ஆகியோரின் கோப்புகள் எப்போது வந்திருந்தாலும் மேலே போக வேண்டும். வந்த வரிசைதான் நியாயம் என்பதை நான் ஏற்கவில்லை. தீங்கின் அளவைப் பார்க்காத வரிசை, காத்திருக்கத் தெம்பு உள்ளவருக்கே சாதகமாக முடியும்.

தரம் பிரிப்பதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு, அதில் கவனமாக இருங்கள். நன்றாக எழுதப்பட்ட புகார் வலுவானதாகவும், மோசமாக எழுதப்பட்டது பலவீனமானதாகவும் கண்ணுக்குத் தெரியும். அதிகாரி நிலையில் இருப்பவர் தேதிவாரியாக, இணைப்புகளோடு பல பக்கம் எழுதுவார். இரவு ஷிப்ட் துப்புரவுத் தொழிலாளி “எனக்கு மட்டும் லீவு தர மாட்டேங்குறாங்க” என்று ஒரே வரி எழுதுவார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு துறையின் நடைமுறையே ஒளிந்திருக்கலாம். ஆகவே புகார்தாரரிடம் அரை மணி நேரமாவது பேசாமல் எந்தக் கோப்பையும் மூன்றாவது வகையில் போடாதீர்கள். “உங்களைப் போலவே வேலை பார்க்கும் வேறு யாருக்கு அது கிடைத்தது?” என்று கேளுங்கள். பாகுபாட்டுப் புகாரில் அதைவிடப் பயனுள்ள முதல் கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை.

பிரித்த பிறகு, ஒரே நேரத்தில் ஆறு முதல் எட்டுக் கோப்புகளை மட்டும் ஓட்டுங்கள். மற்றவை காத்திருக்கட்டும். இது மனதுக்குக் கஷ்டமான முடிவுதான். ஆனால் 32ஐயும் தொட்டுக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் பழைய வாக்குமூலங்களை மறுபடி படித்து ஞாபகப்படுத்திக்கொள்வதிலேயே வாரம் ஓடிவிடும். காத்திருக்கும் கோப்பு எதுவும் 30 நாளுக்கு மேல் திரும்பிப் பார்க்கப்படாமல் கிடக்கக் கூடாது என்று ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சட்டக் காலக்கெடுவைக் கோப்பின் முகப்பிலேயே எழுதிவிடுங்கள். கெடு நாட்டுக்கு நாடு மாறும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் புகாரை 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம். அமெரிக்க ஆணையத்திடம் புகார் கொடுக்கவே 180 நாள், பல மாநிலங்களில் 300 நாள்தான் அவகாசம். உங்கள் உள்விசாரணை இழுத்துக்கொண்டே போனால், வெளியே முறையிடும் உரிமை புகார்தாரர் அறியாமலேயே காலாவதியாகிவிடக்கூடும். முதல் சந்திப்பிலேயே அதைச் சொல்லிவிடுவது உங்கள் கடமை.

ஓடும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத் திட்டம் போதும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் மெக்டோனல் டக்ளஸ் வழக்கில் வகுத்த மூன்று படிகள் வேறு நாட்டில் இருப்பவருக்கும் நல்ல எலும்புக்கூடு: பாகுபாடு நடந்ததாகக் கொள்ள முதல்நோக்கில் என்ன இருக்கிறது, நிர்வாகம் சொல்லும் காரணம் என்ன, அந்தக் காரணம் உண்மையானதா சாக்கா. மூன்றாவது கேள்விக்கு உதவாத சாட்சியைக் கூப்பிடத் தேவையில்லை. ஒரே மேலாளர் மீது மூன்று புகார் இருந்தால் ஆவணங்களை ஒரேயடியாகக் கேட்டு வாங்குங்கள். சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து, முடிவையும் தனித்தனியே எழுதுங்கள்.

புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக அமெரிக்க ஆணையத்துக்கு வரும் புகார்களில் அதிகம் இடம்பெறும் குற்றச்சாட்டு அதுதான். கோப்பு நீண்டநாள் தூங்கினால் அதிலிருந்தே இன்னொரு புகார் முளைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புகார்தாரரை அழையுங்கள். புதிதாக எதுவும் இல்லையென்றால் அதையே சொல்லுங்கள். வேலையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள். திடீரென்று ஒருவர் புகாரை வாபஸ் வாங்கினால், ஏன் என்று தனியாகக் கேட்காமல் மூடாதீர்கள்.

மேலிடத்துக்கு வருவோம். முடித்த எண்ணிக்கையை மட்டும் கேட்டால் யாரும் சுலபமானதையே முதலில் முடிப்பார்கள். சிக்கலானது அடியிலேயே கிடக்கும். அதனால் நீங்களாகவே மாதந்தோறும் இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துக் கொடுங்கள்: மிகப் பழைய கோப்பின் வயது, புகார் வந்ததிலிருந்து முதல் சந்திப்புவரை ஆன நாட்கள். கூடவே இந்தக் கணக்கையும் வையுங்கள். ஒரே நேரத்தில் ஓடும் கோப்புகளைக் குறைத்ததால் மாதம் ஐந்து முடிக்க முடிந்தாலும், 32 என்பது 12 ஆக 20 மாதம் ஆகும். தற்காலிகமாக ஒரு பயிற்சி பெற்ற விசாரணையாளரைக் கொடுத்து மாதம் எட்டு முடிந்தால், அதே வேலை ஐந்து மாதத்தில் ஆகிவிடும். நிலுவை 12 ஆனால் ஒரு புகாரின் சராசரி ஆயுள் மூன்று மாதமாகக் குறையும். ஆள் பற்றாக்குறை என்று பொதுவாகச் சொல்வதைவிட இப்படிக் கேட்டால் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சில பழைய கோப்புகளில் ஆதாரம் ஏற்கெனவே போயிருக்கும். அவற்றை முடிக்கும்போது “பாகுபாடு நடக்கவில்லை” என்று எழுதிவிடாதீர்கள். இன்ன பதிவு இன்ன தேதியில் கிடைக்காமல் போனதால் முடிவுக்கு வர இயலவில்லை என்று, தாமதம் யாருடையது என்பதையும் சேர்த்து எழுதி, அதன் பிரதியைப் புகார்தாரரிடம் கொடுங்கள்.