வடக்குச் சுவரோரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ராஜாஜிநகரில் முப்பதுக்கு நாற்பது மனையில் எங்கள் வீடு. வடக்கே ஆறடி அகலத்துக்கு மண் விட்டிருக்கிறோம், அதைத் தாண்டித் தெரு. மேலே ஒரு மாடி எடுத்ததிலிருந்து அந்தப் பக்கம் இருட்டாகிவிட்டது. இந்தத் தை மாதத்தில் நடுப்பகலில்கூட வெயில் இல்லை. மாமியார் வைத்த குண்டுமல்லி போன பங்குனியில் ஒரு மொட்டுகூட விடவில்லை. குரோட்டன்ஸ் வைத்தேன், நிறம் போய்ப் பச்சையாகிவிட்டது. ஒரு மூலையில் பக்கத்து வீட்டு மாமரம் கவிந்திருக்கிறது. அங்கே எதுவும் பிழைப்பதில்லை. சிமென்ட் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

வாசகி, பெங்களூரு

அன்புள்ள அம்மா,

தயவுசெய்து சிமென்ட் மட்டும் வேண்டாம்.

தை மாதத்தை வைத்து அந்த இடத்தைக் கணக்குப் போடாதீர்கள். பெங்களூரு ஏறக்குறைய 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நம் உச்சந்தலைக்கு வந்து, வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் நடுவில்தான் மறுபடி தெற்கே போகிறது. அந்த நாலு மாதமும் நண்பகல் வெயில் உங்கள் வடக்குப் பக்கம்தான் விழும். மிச்ச எட்டு மாதம் வீட்டின் நிழல். இந்த இரண்டையும் தாங்குகிற செடிதான் உங்களுக்கு வேண்டும். மல்லிக்கு அது சரிப்படாது. மொட்டு வைக்கும் நேரத்தில் நல்ல வெயில் கேட்கும். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, வேர்மண் உதிராமல் தோண்டியெடுத்து, பெரிய தொட்டியில் வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுங்கள். குரோட்டன்ஸும் அப்படித்தான், நல்ல வெளிச்சம் இருந்தால்தான் நிறம் நிற்கும்.

சுவரோரத்துக்குக் கனகாம்பரம் வையுங்கள். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் சொந்த மண். அரைநிழல் அதற்குப் பழக்கம். கதிரில் பூ கீழிருந்து மேலாக மலர்ந்துகொண்டே போகும். முடிந்த கதிரைக் காயவிட்டு, ஒருநாள் அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒரு நிமிஷம் சும்மா இருக்கும். அப்புறம் ‘பட்’டென்று காய் வெடித்து விதை தெறிக்கும். கன்னத்தில் பட்டால் சுள்ளென்றிருக்கும். மழைக்காலம் முடிவதற்குள் சுவரடியில் தானாகவே நாற்று முளைத்திருக்கும். நர்சரியில் ‘டெல்லி கனகாம்பரம்’ என்று கொடுப்பது விதை வைக்காது; கிளை வெட்டி நட்டுத்தான் வளர்க்க வேண்டும். அதனால் பழைய நாட்டு ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கனகாம்பரத்துக்கு நடுவே உயரமாக நந்தியாவட்டை ஒன்று நிற்கட்டும்.

மாமரத்து மூலையின் கதை வேறு. அங்கே வெளிச்சக் குறையைவிடத் தண்ணீர்க் குறைதான் பெரிது. மேல்மண்ணில் பரவிய மரத்தின் வேர்கள் ஊற்றுகிற தண்ணீரைக் குடித்துவிடும். அந்த வேர்களை வெட்ட வேண்டாம். இடைவெளி பார்த்து ஆடாதோடையோ டிசம்பர் பூவோ வைத்து, முதல் வருஷம் மட்டும் தவறாமல் தண்ணீர் ஊற்றுங்கள். விழுந்த மா இலையைப் பெருக்கி எரிக்காமல் அங்கேயே மண்ணை மூடும் மூடாக்காகப் போடுங்கள். சுவரோரத்தில் இதற்கு நேர்மாறு. நிழலில் மண் சீக்கிரம் காயாது, தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

கடைசியாக ஒரு செடி, எனக்கு ரொம்பப் பிடித்தது. காப்பி. குடகிலும் சிக்கமகளூரிலும் பெரிய மரங்களின் நிழலில் வளர்கிற செடி அது. நம் ஊர்க் குளிரும் அதற்கு ஒத்துப்போகும். அராபிகா ரகம் என்றால் ஒற்றைச் செடியே காய்க்கும். நுனி கிள்ளி ஐந்தடிக்குள் வைத்துக்கொள்ளலாம். மூன்று நாலு வருஷம் பொறுக்க வேண்டும். அப்புறம் மார்ச், ஏப்ரலில் நல்ல மழை ஒன்று பெய்தால், எட்டுப் பத்து நாளில் ஒரு காலை கிளை முழுக்க வெள்ளைப் பூவாக இருக்கும். மல்லிகை வாசம் அடிக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். முதல் நாளே மாமியாரை அந்தப் பக்கம் அழைத்துப் போங்கள்.