விரல் மட்டும் நினைவில் இருக்கிறது

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் அப்பா காமராஜரை ஒரே ஒரு முறை பார்த்தவர். அதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களோ காலையில் டிவி, பஸ்ஸில் செல்போன் என்று தலைவர்கள் முகத்தில்தான் முழிக்கிறோம். ஒருவர் மேலும் அந்த மரியாதை வரமாட்டேன் என்கிறது. அளவுக்கு மீறிப் பார்ப்பதுதான் காரணமா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

அதிகம் பார்ப்பதால் மதிப்பு போகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. காமராஜர் ஒளிந்திருந்தவர் இல்லை. முதல்வராக இருந்த ஒன்பது ஆண்டுகளும் ஊர் ஊராகச் சுற்றியவர். 1967இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார். தோல்வி அவரைச் சின்னவராக்கவில்லை. உங்கள் அப்பா பார்த்தது ஒரே தடவைதான், ஆனால் முழுசாகப் பார்த்திருக்கிறார். அவர் வந்தது, பேசியது, மேடையிலிருந்து இறங்கிப் போனது எல்லாவற்றையும்.

நமக்குக் கிடைப்பது துண்டு. விஜயகாந்தை நினைத்துப் பாருங்கள். 2011 தேர்தலில் 29 இடங்கள் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவரானவர். 2012 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வாக்குவாதம் முற்றி, நாக்கைக் கடித்து விரலை நீட்டினார். அந்தச் சில விநாடிகளை எத்தனை முறை போட்டார்கள்! அன்று பேச்சு ஆரம்பித்தது பால் விலை, பஸ் கட்டண உயர்வில். வீட்டுக்கு வீடு தொட்ட விஷயம். யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், விரல்தான் நினைவில் இருக்கும்.

அவரிடம் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. பத்திரிகையாளர்களைப் பார்த்து 'தூ' என்றது தப்புதான். ஆனால் அதன் பிறகு மைக் எல்லாம் அவரிடம் பதிலுக்காக நீளவில்லை, அடுத்த கோபத்துக்காக நீண்டன. உடம்பு முடியாமல் பேச்சு குழறியபோது அதையும் வெட்டி, பின்னால் சினிமா காமெடி வசனம் சேர்த்துச் சுற்றவிட்டார்கள். நோயாளி ஒருவரின் குழறலைக் கேட்டு ஒரு மாநிலமே சிரித்தது. நானும் சிரித்தேன். நாலு பேருக்கு அனுப்பியும் வைத்தேன்.

2016இல் உளுந்தூர்பேட்டையில் அவருக்கு டெபாசிட் போயிற்று. அதற்குக் கூட்டணிக் கணக்கு உள்பட வேறு காரணங்களும் உண்டு, எல்லாவற்றையும் டிவி தலையில் கட்ட முடியாது. ஆனால் காமராஜருக்குத் தோல்விக்குப் பிறகும் மிஞ்சியது இவருக்கு மிஞ்சவில்லை.

2023 டிசம்பரில் தீவுத்திடலில் அவரைக் கிடத்தியிருந்தபோது, வந்தவர்கள் எல்லாம் அவர் போட்ட சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். அதே சேனல்கள் அதை நாள் முழுக்கக் காட்டின. அன்று ராத்திரி என் வாட்ஸ்அப்பில் தேடினேன். நான் அனுப்பிய துண்டு அப்படியே இருந்தது. கீழே நாலு சிரிப்பு முகங்கள்.

இப்போதெல்லாம் எந்தத் தலைவரின் துண்டு வந்தாலும் முழுப் பேச்சு எங்கே என்று தேடுகிறேன். நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்கிறேன். சிலர் மேல் மரியாதை வருகிறது ஆர்., நான் எதிர்பார்க்காத சிலர் மேலும்.